குளிர் கொடுத்த தெரு

குளிர்மனை விடியற்காலையில் ஒருமுறை திறக்கும். பொழுது சாயும்போது ஒருமுறை. எங்கள் பூனை பணியாரத்துக்கு ஊசி போட வேண்டியதும் அதே இரண்டு வேளைகளில்தான். மருந்தை வீட்டுக்கு எடுத்துவந்தால் வழியிலேயே சூடாகிவிடும். "மருந்தத் தூக்கிட்டு வெயில்ல நடக்குறதுக்குப் பூனையத் தூக்கிட்டு நடக்கலாம்" என்று என் மனைவி அரசி ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து மருந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பூனை போய்வந்தது.

அரசி இறந்தபின் நான் தூக்கிப் போகிறேன். தோளில் துணிப்பை, அதற்குள் பணியாரம், சின்ன டப்பாவில் வேகவைத்த கோழி. வரிசையில் மற்றவர்கள் பால் சொம்போடும் மாவுத் தூக்கோடும் நிற்பார்கள். எனக்கு முன்னால் எதிர்வீட்டுக் கோமளவல்லி டீச்சர் நிற்பார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்.

"பணியாரம்னு பேரு வெச்சா சுகர் வராம என்னப்பா வரும்? பாகற்காய்னு வெச்சிருக்கணும்."

இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அரசி ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். நான் சிரிக்க முயன்றேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

"என்னது இது, எலும்பும் தோலுமா ஆயிடுச்சு?"

"நல்லா சாப்பிடுது டீச்சர். ஆனா இளைக்குது."

"ஏக்கம்ப்பா. மனுஷங்களுக்கு மட்டும்தான் ஏக்கமா?"

கதவருகே நஃபீஸா அக்கா என் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துத் தந்தார். அவர்தான் எங்கள் தெருவின் குளிர்க்காவலர். ஆண்டுதோறும் தெரு கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆண்டுதோறும் அவரையே தேர்ந்தெடுக்கும். பணியாரம் கோழியைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். தின்னாவிட்டால் ஊசி போடக் கூடாது. குப்பியைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். கலங்கல் சீரானதும் ஊசியில் இழுத்து, காற்றுக்குமிழியை வெளியேற்றி, பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியைக் குத்த வேண்டும். எல்லாம் அரசி சொல்லிக்கொடுத்தது. எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பணியாரம் ஒவ்வொரு நாளும் மெலிந்துகொண்டே போனது.

ஃப்ரிட்ஜும் ஏசியும் உள்ளே குளிரவைத்து வெளியே சுடவைப்பவை. நான் பிறப்பதற்கு முன்பே வெளியே சுடவைக்க இடம் தீர்ந்துவிட்டது. வெளிவெப்பச் சட்டம் வந்தது. வீடுகளில் குளிர் இல்லாமல் போனது. வேலூரில் தெருவுக்கு ஒரு குளிர்மனை கட்டினார்கள். ஒரே அறை, வீட்டுக்கு ஒரு பெட்டி. அறையிலிருந்து உறிஞ்சும் சூட்டைக் குழாய் வழியே பாலாற்று மணலுக்குள் அனுப்புகிறார்கள். அந்த மணல் எவ்வளவு சூடாகிவிட்டது என்று அளக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை.

மனிதர்களுக்கு இப்போது வெப்பந்தாங்கி இன்சுலின் இருக்கிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, வெயிலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பூனைகளுக்கு அதை யாரும் செய்யவில்லை. லாபம் இல்லை. பழைய வகைக் குப்பி மருந்து சென்னையிலிருந்து எப்போதாவது ஒரு தொகுதி வரும். ஆகவே எங்கள் தெருவில் உயிர்பிழைக்கக் குளிர் தேவைப்பட்ட ஒரே ஜீவன் பணியாரம்தான். மற்றவர்களுக்குக் குளிர் என்பது பால், மாவு, மீன்.

பிறகு, இறந்தவர்கள்.

விமானங்கள் அரிதாகிவிட்டன. வெளிநாட்டில் இருப்பவர்கள் கப்பலும் ரயிலுமாக வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உடல் இருக்க வேண்டும். எனவே யாராவது இறந்தால் தெரு தன் பெட்டிகளையெல்லாம் காலிசெய்து அறையை அவருக்கு விட்டுக்கொடுக்கும். இதற்குக் குளிர் கொடுத்தல் என்று பெயர். அறை உறைநிலைக்கும் கீழே இறக்கப்படும். வெளியே வந்த பாலையும் மாவையும் மீனையும் அன்றே சமைத்தாக வேண்டும். அதனால் சாவு விழுந்த அன்று தெருவில் பெரிய சமையல் நடக்கும். துக்க வீட்டுக்காரர் முதலில் சாப்பிட வேண்டும். அதன்பின் உடலை எடுக்கும்வரை யாருக்கும் பால் கிடையாது. யாரும் கேட்பதும் இல்லை.

"எங்க வீட்டு மவுத்துல உங்க மாவு புளிக்காதுப்பா" என்று நஃபீஸா அக்கா கிண்டல் செய்வார். "அன்னைக்கே எடுத்துடுவோம். இந்தத் தெரு எங்களுக்குத்தான் கடன்பட்டிருக்கு."

அரசிக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. குளித்துவிட்டு வந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அவள் அண்ணன் கனடாவிலிருந்து வர வேண்டியிருந்தது. தெரு குளிர் கொடுத்தது. டீச்சர் வீட்டு இறால் தொக்கை என் தட்டில் வைத்தார்கள். ருசியாக இருந்தது.

அது மார்கழி. திறந்திருந்த குப்பியை வீட்டில் ஈரமணல் பானைக்குள் வைத்துச் சமாளித்தேன். அண்ணன் வரும்வரை தினமும் விடியலில் நஃபீஸா அக்கா அறையில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருவார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அரசியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முந்தைய நாள் நடந்ததைச் சொல்வேன். பணியாரம் என்ன செய்தது என்று சொல்வேன். பிறகு அண்ணன் வந்தார். அடக்கம் முடிந்தது. பெட்டிகளில் மறுபடியும் மாவு வந்தது.

பழைய குப்பி தீர்ந்ததும், அரசி வாங்கிவைத்திருந்த புதுக் குப்பியின் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். அதன்பிறகுதான் பணியாரம் வாட ஆரம்பித்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. பின்னங்கால்கள் தளர்ந்து, பாதம் முழுவதும் தரையில் பதிய நடந்தது. அரசியின் தலையணையில் படுத்தால் எழுந்திருக்காது. துக்கம் தாமதமாகத்தான் வரும் என்றார்கள். எனக்கும் அதையே சொல்லியிருந்தார்கள்.

கால்நடை மருத்துவர் குயிலி சென்னையில் இருந்தார். திரையில் பார்த்து இரண்டு முறை அளவை ஏற்றச் சொன்னார். மூன்றாவது முறை ஏற்றச் சொல்லவில்லை.

"இவ்வளவு போட்டும் சர்க்கரை இறங்கலன்னா பூனை மேல சந்தேகப்பட முடியாது. மருந்து மேலதான் சந்தேகம். குப்பி எங்க இருந்தது?"

"குளிர்மனையிலதான் டாக்டர். சீல் பிரிக்காம."

"எப்பவாவது உறைஞ்சிருக்குமா?"

"பாத்தா தெரியுமா?"

"தெரியாது. உருகினதும் பார்க்கப் பழையபடிதான் இருக்கும். வேலை மட்டும் செய்யாது."

அன்று மாலை வரிசை கலைந்தபின் நஃபீஸா அக்காவிடம் கேட்டேன். அரசியை வைத்திருந்தபோது இந்தக் குப்பி எங்கே இருந்தது?

அவர் சற்றும் யோசிக்கவில்லை. உடனே சொன்னார், ஒரு நல்ல விஷயத்தைச் சொல்வதுபோல.

"அவ தலைமாட்டுல, துணிக்கு அடியில. எல்லார் பெட்டியையும் நான்தான் காலி பண்ணேன். உன் பெட்டில இந்த ஒரு டப்பாதான் இருந்தது. வெளிய வெச்சா கெட்டுடும்னு எனக்குத் தெரியும். எத்தனை வாட்டி சொல்லியிருக்கா, அக்கா இது சூடானா போயிடும், சூடானா போயிடும்னு. சரி, அவகிட்டயே இருக்கட்டும், அவளவிட யாரு பத்திரமா பாத்துக்கப் போறான்னு வெச்சேன். அண்ணன் வந்து எடுத்த அன்னைக்குத் திரும்ப உன் பெட்டில வெச்சுட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தப்பா தம்பி?"

"உறையக் கூடாதுக்கா."

"குளிரு, உறையுறது ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல."

அவர் கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சூடாகக் கூடாது என்று அரசி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உறையக் கூடாது என்று சொல்ல அவளுக்கு ஒரு தேவையும் வந்ததில்லை. எங்கள் அறை உறைவதே ஒருவர் செத்தால்தான்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்துவிட்டேன். பணியாரம் தள்ளாடி நடந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தை வைத்தது. அது ஏங்கவில்லை. இந்த வீட்டில் அரசிக்காக இன்னொரு உயிரும் வாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவுகளில் அந்த நினைப்போடுதான் படுத்தேன். அது வெறும் சர்க்கரை.

குயிலி எங்கெங்கோ கேட்டு ஒரு குப்பி அனுப்பினார். "ஒண்ணுதான் கிடைச்சது. அடுத்த தொகுதி மழைக்கப்புறம்தான் வரும். பழைய அளவுக்கே திரும்புங்க. ஏத்தின அளவைப் போட்டா உயிர் போயிடும்" என்றார். நஃபீஸா அக்கா குப்பியைப் பருத்தித் துணியில் சுற்றி, குளிர்காற்று நேராகப் படாத மூலையில் வைத்தார். தினமும் என்னிடம் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

சில நாட்களில் பணியாரம் தேறியது. தண்ணீர் குறைந்தது. நுனிப்பாதத்தில் நடந்தது. ஒருநாள் அலமாரி மேல் தாவி ஏறி அரசியின் வளையல் டப்பாவைத் தட்டிவிட்டது. கண்ணாடி வளையல்கள் தரையெங்கும் சிதறின. அது மேலிருந்து அவற்றைப் பார்த்துவிட்டுக் காலை நக்கத் தொடங்கியது. கூட்டிப் பெருக்கினேன். வளையலை உடைக்கிற அளவுக்கு அதற்குத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அது பிழைத்தால் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கோடை முடிய வேண்டிய நாளில் முடியவில்லை. மழை வானத்தில் இருந்தது, பெய்யவில்லை. எங்கள் அலுவலகக் கருவிகளில் பாலாற்று மணல் இதற்குமேல் சூடு தாங்காது என்று தெரிந்தது. எல்லாக் குளிர்மனைகளின் மின்சாரத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். முதியவர்கள் இறக்கத் தொடங்கினார்கள். எங்களுக்குப் பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு, ஆற்றுக்கு அக்கரை. அந்த வாரம் ஊரின் குளிர் முழுவதும் இறந்தவர்களிடம் இருந்தது.

பிறகு டீச்சரின் கணவர் சபாபதி சார் காலமானார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கியவர் எழவில்லை.

நஃபீஸா அக்கா எல்லோருடைய பெட்டிகளையும் காலிசெய்தார். குப்பியை மட்டும் ஈரத்துணியில் சுற்றித் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தெருவில் அடுப்புகள் எரிந்தன. டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அக்காவும் என்னோடு வந்தார்.

டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார்.

"பையன் நார்வேல இருக்கான். வர மாசமாயிடும். நாளைக்கே எடுத்துடலாம், இந்தக் கோடையில தெருவைப் போட்டு வதைக்க வேணாம்ங்கிறாங்க சொந்தக்காரங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீ இருந்து பாத்தவன். நீ சொல்லு ரூபன். வெக்கலாமா, எடுத்துடலாமா?"

நஃபீஸா அக்கா என்னைப் பார்த்தார். அவர் கையில் ஈரத்துணி இருந்தது.

எடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் போதும். ஒரு நாளை ஈரமணல் பானையில் சமாளிக்கலாம். நாளை மாலை அறை திரும்பக் கிடைக்கும். பணியாரம் பிழைக்கும். பூனை மருந்துக்கு இந்த அறை வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை.

"வைங்க டீச்சர்."

"எதுக்குப்பா? அவருக்குத் தெரியவா போகுது?"

"அவருக்கு இல்ல, உங்களுக்கு. காலையில போய்ப் பக்கத்துல உக்காருங்க. பேசணும்னு தோணினா பேசுங்க. எடுத்துட்டா அது கிடைக்காது."

அவர் தலையசைத்தார்.

தெருவுக்கு வந்ததும் நஃபீஸா அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்குப் பைத்தியமா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் போய் டீச்சர்கிட்ட விஷயத்தைச் சொல்றேன்."

"வேணாம்க்கா. சொன்னா எடுத்துடுவாங்க."

அவர் சட்டையை விட்டார். குப்பியை என் கையில் கொடுத்தார்.

காற்றில் ஈரம் இருந்தது. மணல் பானை வியர்த்ததே தவிரக் குளிரவில்லை. அடுத்த நாள் விடியலில் நஃபீஸா அக்கா ஒரு கிண்ணம் தண்ணீரை அறைக்குள் வைத்து ஐஸாக்கி, ஃபிளாஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்தார். குப்பி ஐஸில் படாமல் நடுவில் துணி வைத்தோம். அதற்கடுத்த நாளும் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் ஃபிளாஸ்க் இல்லாமல் வந்தார்.

"முள்ளு ஏறுது தம்பி" என்றார். அறையின் குளிர்மானியைச் சொன்னார். "பாதி கரண்ட்டுல அந்தத் தண்ணிய உறைய வெக்க முடியல. சாருக்குத் தாங்காது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"விடுங்கக்கா."

பாலாற்று மணலிலிருந்து வீட்டுப் பானைவரை இருந்த குளிர் ஒன்றுதான். கொஞ்சம் எடுத்தால் யாரிடமிருந்தோ குறையும். இதை அலுவலகத்தில் தினமும் வரைபடமாகப் போடுகிறேன். அன்றுதான் அது எந்தப் பக்கம் குறையும் என்று பார்த்தேன்.

குயிலியிடம் கேட்டேன். இந்தச் சூட்டில் சில நாட்களில் மருந்தின் வீரியம் போய்விடும், எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல முடியாது, ஊகித்துப் போட்டால் குறைந்தாலும் ஆபத்து கூடினாலும் ஆபத்து என்றார். "வேற இடமே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தண்ணீர்க் கிண்ணம் காலியானது. பிறகு கால்கள் தளர்ந்தன. பிறகு அது கோழியைத் தொடவில்லை. தொடாததால் ஊசியும் போடக் கூடாது. வாயில் அழுகிய பழத்தின் வாசம் வந்தது. குளியலறைத் தரையில் ஈரமான இடமாகப் பார்த்துப் படுத்தது. நானும் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அன்று நடந்தது எதையும் அதனிடம் சொல்லவில்லை. கையை மட்டும் வயிற்றின்மேல் வைத்திருந்தேன். பிற்பகலில் வயிறு அசைவது நின்றது.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினேன். தரை காய்ந்து இறுகியிருந்தது. நஃபீஸா அக்கா கடப்பாரை கொண்டுவந்தார். அந்த வாரங்களில் தினமும் விடியலில் டீச்சர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிர்மனைக்குப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். திரும்பி வரும்போது அவர் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்.

மகன் வந்தார். எரியூட்டினார்கள். மழை பெய்தது. பெட்டிகளில் பாலும் மாவும் வந்தன. நான் அரை லிட்டர் பால் வாங்கி என் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன். பாலைக் குடிப்பதில்லை. விடியலில் எழுந்து போக ஒரு காரணம் வேண்டியிருந்தது.

கருமாதி முடிந்து சில நாட்கள் கழித்து டீச்சர் முதன்முறையாக வரிசைக்கு வந்தார். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் விலகியவர்களைத் திருப்பி நிறுத்திவிட்டு, பழையபடி எனக்கு முன்னால் நின்றார்.

"நீ சொல்லலன்னா மறுநாளே எடுத்திருப்பேன்" என்றார். திரும்பிப் பார்க்காமல் பேசினார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன்கிட்ட நான் இவ்வளவு பேசினதில்ல. குறுக்க பேசாம இருந்தாரே, அதுவே பெரிசு. திட்ட வேண்டியதெல்லாம் திட்டிட்டேன். கடைசி கடைசியா திட்டறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. அப்பதான் அழுகை வந்துச்சு."

"சரி டீச்சர்."

"எங்க உன் பாகற்காய்? பையக் காணோம்."

நஃபீஸா அக்கா கதவில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தார். சாவி திரும்பவில்லை.

"வீட்டுலதான் இருக்கு டீச்சர்."

"நல்லா தேறிடுச்சா?"

"ம்."

"தேறும்னு எனக்குத் தெரியும். பெட்டில அதுக்குன்னு ஒண்ணு பையன்கிட்ட குடுத்து வெச்சிருக்கேன். இரு."

கதவு திறந்தது. டீச்சர் உள்ளே போய், தன் பெட்டியிலிருந்து வாழையிலையில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். வேகவைத்த மீன் துண்டு.

"பையன் நேத்து ஏரி மீன் வாங்கினான். முள்ளெல்லாம் எடுத்துட்டேன். உப்பு போடல, பயப்படாத. இப்பவே கொண்டுபோய்க் குடு, வெளிய வெச்சா கெட்டுடும்."

நஃபீஸா அக்கா என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன்.

பொட்டலம் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் குளிர் போய்விட்டது.